ஹெர்மிஸ் வரை இரட்டைச் சிலிண்டர்

பெரிய பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் கொடுக்கிற துறையும், கடலுக்குள் முதுகில் கட்டிக்கொண்டு போகிற காற்றுச் சிலிண்டருக்கான விதிகளைச் செயல்படுத்துகிற துறையும் ஒன்றுதான். தலைமையகம் நாக்பூரில், சிவகாசியிலும் ஓர் அலுவலகம் உண்டு. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ்தான் 2016ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளும் வருகின்றன. உலோகக் கலனில் அழுத்தி அடைத்த வாயு, சட்டத்தின் கண்ணுக்கு வெடிபொருள். சரவெடியும் சிலிண்டரும் ஒரே சட்டத்துக்குள் நிற்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். மல்லாங்கிணற்றில் பிறந்தவனுக்கு அது இயல்பாகவே படுகிறது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொருவர் தீப்பெட்டி ஆபீசிலோ, பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசு ஆலையிலோ வேலை பார்த்திருப்பார்கள். அடைபட்டிருக்கும் ஒன்றை எப்படித் தொட வேண்டும் என்கிற எச்சரிக்கை பேச்சுவாக்கிலேயே பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

கரிசல் பூமி இது. கடல் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் முங்குவது எங்களுக்குப் பழக்கம். தோட்டத்துக் கிணற்றில் குதித்து அடிமண்ணைக் கைநிறைய அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டுகிறவனைத்தான் நீச்சல் தெரிந்தவன் என்று ஒத்துக்கொள்வார்கள். அந்த முங்கல் பிறகு புதுச்சேரிக் கடலில் ஸ்கூபாவாகி, அதற்கும் மேலே டெக்னிக்கல் டைவிங் பயிற்சி வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனது. 40 மீட்டருக்குக் கீழே இறங்குவது, மேலே வரும்போது இடையிடையே நின்று உடம்பில் கரைந்த நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு வருவது, அதற்கேற்ற வாயுக் கலவைகளைச் சுமப்பது எல்லாம் இந்தப் பயிற்சியில் அடங்கும். நினைத்த மாத்திரத்தில் நேரே மேலே வர முடியாது என்பதால் ஒற்றைச் சிலிண்டர் போதாது. முதுகில் இரண்டு வேண்டும்.

ஹெர்மிஸ் என்ற மூழ்கிய கப்பலைப் பார்க்க இலங்கையின் மட்டக்களப்புக்குப் புறப்படும் முன்பு சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு பயர் ஆபீசில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தச் சிலிண்டர் எடுப்பது என்று நான் குழம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “பெருசா எடுத்தாத் தைரியம்னு நெனைக்காத. அறைக்குள்ள நாலு பேருக்கு மேல ஏன் விடமாட்டோம்? தேவைக்கு மேல மருந்து ஏன் உள்ள கொண்டுபோக மாட்டோம்? அன்னன்னிக்கு வேலைக்கு எம்புட்டோ அம்புட்டுத்தான். நீ மொதல்ல வேலையைச் சொல்லு, பெறவு சாமானைச் சொல்லு.” ஸ்கூபா பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் என் பயிற்சிப் புத்தகத்தில் பல பக்கங்களில் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தது இதைத்தான்.

காரியாபட்டி வழியாக மதுரை விமான நிலையம் எங்களுக்குப் பக்கம். மதுரையிலிருந்து கொழும்புக்கு வானில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோவது பெரும்பாடு. வால்வைக் கழற்றி, உள்ளே காலி என்று தெரியும்படி திறந்து காட்ட வேண்டும். எடைக் கட்டணமும் தாங்காது. அதனால் ரெகுலேட்டர்கள், முதுகுத் தகடு, விங் என்று சொல்கிற மிதவைப் பை, முகக்கண்ணாடி, இரண்டு டைவிங் கணினிகள் மட்டும் என்னோடு வந்தன. சிலிண்டர் அங்கே போய்த்தான். வெளியூரில் இறங்கப் போகிற பெரும்பாலோருக்கு நிலைமை இதுதான்: தேர்வு என்பது கடையில் நிற்கிற வரிசையிலிருந்து செய்ய வேண்டிய தேர்வு.

காலையில் கொழும்புக் கோட்டையில் உதயதேவி ரயிலில் ஏறினால் பிற்பகலில் மட்டக்களப்பு. தென்னந்தோப்புகள் போய், காடு வந்து, பொலன்னறுவைக்குப் பிறகு மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கிறது ரயில். வாழைச்சேனை வந்ததும் பெட்டி முழுக்கத் தமிழ்ச் சத்தம். ஏறாவூரில் ஏறிய ஒரு பெரியம்மா, மடியில் இருந்த மாம்பழத்தில் ஒன்றை எடுத்து, “சாப்பிடுங்க மகன்” என்று என் கையில் வைத்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். கடலுக்குள் கிடக்கிற கப்பலைப் பார்க்க வந்தேன் என்றதும், “யுத்தக் கப்பல்தானே, எங்கட அப்பா புகை எழும்பினதப் பாத்தவர்” என்றார்.

அந்தப் புகை 1942 ஏப்ரல் 9ஆம் தேதி எழுந்தது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டப்பட்ட உலகின் முதல் கப்பல்களில் ஒன்று ஹெர்மிஸ். 1919இல் நீரில் இறக்கினார்கள். 600 அடி நீளம். கொழும்பை ஜப்பானியர் ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று தாக்கியிருந்தார்கள். அடுத்த குறி திருகோணமலை என்று தெரிந்ததும், துறைமுகத்தில் நின்றிருந்த ஹெர்மிஸைத் தெற்கே ஓடித் தப்பச் சொல்லி அனுப்பினார்கள். அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. விமானம் இல்லாத விமானந்தாங்கியை மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கடற்படைக் குண்டுவீச்சு விமானங்கள் பிடித்துக்கொண்டன. கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது. அருகில் வந்துகொண்டிருந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் நீரில் தத்தளித்த சுமார் 590 பேரைத் தூக்கியது.

இன்று ஹெர்மிஸ் இடதுபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. கடல்தரை 53 மீட்டர் ஆழம். கப்பலின் உயர்ந்த பக்கத்தைத் தொடவே 40 மீட்டரைத் தாண்ட வேண்டும். சாதாரண ஸ்கூபா பயிற்சியின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேதான் இந்தக் கப்பல் தொடங்குகிறது.

பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் இருந்த டைவிங் கடையில் நான்கு வகை இரட்டைச் சிலிண்டர்கள் சுவரோரம் நின்றன: 7 லிட்டர் ஸ்டீல் ஜோடி, அலுமினியம் 80 ஜோடி, 12 லிட்டர் ஸ்டீல் ஜோடி, 15 லிட்டர் ஸ்டீல் ஜோடி. லிட்டர் என்று சொல்வது சிலிண்டருக்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்கிற அளவு. அலுமினியம் 80 என்பது அமெரிக்கக் கன அடிக் கணக்கு. அதன் உள்ளளவு 11.1 லிட்டர். கடைக்காரர் நடுவயது, அந்தக் கடலிலேயே வளர்ந்த சுழியோடி. நான் 15 லிட்டர் ஜோடியைத் தட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “பொறுங்க தம்பி, கீழ எவ்வளவு நேரம் நிக்கப் போறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல” என்றார்.

“20 நிமிஷம்ணே” என்றேன். உட்காரச் சொல்லி ஒரு தாளை எடுத்தார். அந்தத் தாளில் போட்ட கணக்கை இங்கே முழுதாகத் தருகிறேன். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

கணக்கைத் திரும்புவதிலிருந்து தொடங்க வேண்டும். 50 மீட்டரில் கூட வந்தவரின் காற்று முழுக்கப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்திலிருந்து இருவரும் என் சிலிண்டரில்தான் மூச்சு வாங்க வேண்டும். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார். இரண்டு பேருக்கு 60. 50 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் 6 மடங்கு. நிலைமையைப் புரிந்து, ரெகுலேட்டரைக் கொடுத்து, ஏறத் தொடங்க ஒரு நிமிடம்: 360 லிட்டர். அங்கிருந்து 21 மீட்டர் வரை ஏற 4 நிமிடம், சராசரி அழுத்தம் 4.55: கிட்டத்தட்ட 1,090 லிட்டர். 21 மீட்டரில் இருவரும் பக்கவாட்டில் தொங்குகிற 50 சதவீத ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாறிக்கொள்ளலாம். மாற ஒரு நிமிடம்: 186 லிட்டர். ஆக 1,640 லிட்டர். இதைத் தொடவே கூடாது. இது என்னுடைய காற்று அல்ல, கூட வருகிறவருடையது.

மீதிதான் எனக்கு. நிதானமாக நான் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறேன். 50 மீட்டரில் அது 120 லிட்டர். கீழே போய்ச்சேர 210 லிட்டர். எல்லா ஜோடியையும் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியதாக வைத்துப் பார்த்தோம். 7 லிட்டர் ஜோடியில் அடியில் கிட்டத்தட்ட 8 நிமிடம்தான் நிற்கலாம். அலுமினியம் 80 ஜோடியில் மொத்தம் 4,440 லிட்டர். ஒதுக்கியது போக 21 நிமிடம். 12 லிட்டர் ஸ்டீலில் 24 நிமிடம். 15 லிட்டரில் 34.

7 லிட்டர் உடனே கழிந்தது. 15 லிட்டரும் கழிந்ததைத்தான் விளக்க வேண்டும். காற்று இருக்கிறதே என்று 34 நிமிடம் கீழே நின்றால், மேலே வரும்போது நிற்க வேண்டிய நேரமும் நீண்டுவிடும். அதற்கான ஆக்சிஜன் கலவையைப் பக்கவாட்டில் இன்னும் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பக்கத்துக் கடல் நீரோட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை நேரம் தொங்குவது வேறு. பெரிய சிலிண்டர் நம்மைக் கீழே தங்கச் சொல்லி ஆசை காட்டும். சித்தப்பா சொன்ன அறையும் மருந்தும் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தன.

அலுமினியத்துக்கும் 12 லிட்டர் ஸ்டீலுக்கும் 3 நிமிடம்தான் வித்தியாசம். அந்த 3 நிமிடத்துக்கு என்ன விலை என்று கடைக்காரர் சொன்னார். நம்முடைய கடல்கள் வெதுவெதுப்பானவை. 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். ஆழத்தில் அந்த ரப்பர் நசுங்கி மிதப்பை இழந்துவிடும். முதுகில் ஸ்டீல் ஜோடி, நிறையக் காற்று, இந்த நிலையில் விங் கிழிந்தால் நீந்தி மேலே வருவது பெரும்பாலும் நடக்காத காரியம். குளிர்நாட்டுக்காரர்கள் காற்று நிரப்பும் உலர் உடை போட்டுக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கு இன்னொரு மிதவை. எடைக்கட்டி எதுவும் இல்லாமல் ஸ்டீலே அவர்களை அமிழ்த்திக் கொடுக்கும் என்பதால் அவர்களுக்கு ஸ்டீல் பொருந்துகிறது. அலுமினியம் 80 அப்படியில்லை. காலியாகும்போது ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 கிலோ அளவுக்கு மேலே மிதக்கப் பார்க்கும். ஸ்டீல் முதுகுத் தகடும் சிலிண்டர்களைக் கட்டுகிற வளையங்களும் அவற்றை இணைக்கிற குழாயும் அதைச் சரிக்கட்டிவிடும். விங் போனாலும் துடுப்பு அடித்து மேலே வரலாம். வெளிநாட்டுப் படங்களையும் கையேடுகளையும் பார்த்துவிட்டு ஸ்டீல் 12 வாங்கத் துடிக்கிற நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர். மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் மட்டக்களப்பிலும் வெட்சூட்டோடு இறங்குகிறவர்களுக்கு அலுமினியம் 80 ஜோடிதான் சரி என்பது என் தீர்ந்த முடிவு.

300 பார் சிலிண்டர் இருந்தால் சின்னதிலேயே நிறைய அடைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 200 பாருக்கு மேலே காற்று முன்போல அமுங்கிக் கொடுக்காது. 300 பாரில் கணக்குப்படி வர வேண்டியதைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவாகத்தான் உள்ளே இருக்கும். அந்த அழுத்தத்துக்கு நிரப்பித் தருகிற கம்ப்ரசரும் எல்லா ஊரிலும் கிடைக்காது.

ஜோடி முடிவானதும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு சிலிண்டர்களையும் தலைப்பகுதியில் இணைக்கிற குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி இரண்டும் சேர்ந்தே இழுக்கும். ஒன்று விழுந்தால் மற்றதைக் காப்பாற்ற நடுவில் ஐசோலேட்டர் என்ற திருகு வால்வு உண்டு. ஒரு பக்கம் ரப்பர் வளையம் கிழிந்து காற்று கொட்டினால் நடு வால்வை மூடிவிட வேண்டும். பாதிக் காற்றாவது மிஞ்சும். ஜோடிக்குப் போகிற இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சோதனைத் தேதியாக இருக்க வேண்டும். ரெகுலேட்டர் பொருத்துகிற இடம் திருகி உள்ளே இறங்குகிற டின் வகையாக இருப்பது நல்லது. மேலே கவ்விப் பிடிக்கிற வகை எங்காவது இடித்தால் விலகிவிடும்.

சிலிண்டரின் தோளில் கொத்தியிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். கடைக்காரர் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்: உலோகக் கலவை, வேலை அழுத்தம், உள்ளளவு, தண்ணீர் அழுத்தச் சோதனை நடந்த மாதமும் வருடமும். பல நாடுகளில் 5 வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனை கட்டாயம். பழைய அலுமினியச் சிலிண்டர்களில் 6351 என்ற கலவை இருந்தது; அவற்றில் சிலவற்றுக்குக் கழுத்தில் விரிசல் விட்டு, நிரப்பும்போதே வெடித்திருக்கின்றன. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் கம்பெனி 1988இல் 6061 கலவைக்கு மாறியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சிலிண்டரை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

கழுத்துப் புரியையும் பார்க்க வேண்டும். அமெரிக்க அலுமினியத்துக்கு முக்கால் அங்குலப் புரி. ஐரோப்பிய ஸ்டீலுக்கு எம் 25. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். எம் 25 வால்வை முக்கால் அங்குலக் கழுத்தில் வைத்துத் திருகினால் கொஞ்சம் ஆடினாலும் ஏறிவிடும், பிடித்தும் நிற்கும். அழுத்தம் ஏறும்போது அந்த வால்வு துப்பாக்கிக் குண்டாகப் புறப்பட்டு வந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. பயர் ஆபீசில் அறைக்குள் போகும் முன்பு செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். தொடாமல் போனாலும் பெரும்பாலான நாட்கள் ஒன்றும் ஆகாது. ஆகிற ஒரு நாளுக்காகத்தான் அந்தத் தகடு. புரியைப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

மறுநாள் பாசிக்குடாவின் ஆழமில்லாத தண்ணீரில் ஜோடியை மாட்டிப் பார்த்தேன். கரையில் 40 கிலோவுக்கு மேல் முதுகில் அழுத்துகிற அது தண்ணீருக்குள் எடையே தெரியாமல் போனது. முதுகுத் தகட்டில் போல்ட் துளைகளுக்கு நடுவே 11 அங்குலம் என்பது பொதுவான அளவு; கொண்டுபோன தகடு அப்படியே பொருந்தியது. வளையங்களை எந்த உயரத்தில் இறுக்குவது என்பதில்தான் நேரம் போனது. ஜோடி தாழ்ந்திருந்தால் கையைத் தலைக்குப் பின்னால் எவ்வளவு வளைத்தாலும் வால்வு எட்டாது. ஏறியிருந்தால் நிமிர்ந்து பார்க்கும்போது பின்மண்டையில் இடிக்கும். வலது வால்வை மூடித் திற, நடு வால்வை மூடித் திற, இடது வால்வை மூடித் திற. கண்ணை மூடிக்கொண்டும் விரல்கள் அவற்றைத் தேடிப் போகும் வரை செய்தேன். வால்வு எட்டவில்லையென்றால், கடையிலேயே உயர்ந்த ஜோடியாக இருந்தாலும் அது நமக்கான ஜோடி இல்லை.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் கடலட்டை பிடிக்கிறவர்கள். ஒற்றைச் சிலிண்டர் போட்டு ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஆழத்துக்கு இறங்குகிற தொழில். மேலே வரும்போது நின்று வருவீர்களா என்று கேட்டேன். “நிண்டா அட்டைக்குக் காத்து காணாது அண்ணன்” என்றார் ஒருவர். மூட்டு வலியும் கால் மரத்துப்போவதும் அந்தத் தொழிலில் சாதாரணம் என்றார்கள். தூத்துக்குடிச் சங்குகுளிக்காரர்களிடமும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். பொழுதுபோக்குக்கு இறங்குகிற எங்களுக்கு இரண்டு சிலிண்டரும் இரண்டு கணினியும். பிழைப்புக்கு இறங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. சுழியோடிகளுக்கு இந்தக் கணக்கை அவர்கள் தமிழிலேயே சொல்லித் தர இரு நாட்டு மீன்வளத் துறைகளும் முன்வர வேண்டும். இதைவிட அவசரமான பயிற்சி இந்தக் கடற்கரைகளில் வேறில்லை.

ஹெர்மிஸுக்கு விடியற்காலையில் ஃபைபர் போட்டில் போனோம். கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர். 50 மீட்டரில் வெறும் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் போதை தலைக்கேறும்; காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராமை நெருங்கும். 6 கிராமுக்கு மேல் போனால் நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ள முடியாமல் திணறும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைத்த ஹீலியத்தைச் சேர்த்து 21/35 ட்ரைமிக்ஸ் நிரப்பியிருந்தோம்: ஆக்சிஜன் 21, ஹீலியம் 35, மீதி நைட்ரஜன். ஹீலியம் விலை கையைக் கடிக்கத்தான் செய்யும். அந்தக் காசு இல்லையென்றால் ஹெர்மிஸைத் தள்ளிப்போடலாம்.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். 30 மீட்டர் தாண்டியதும் கீழே நீலம் கறுத்து ஒரு சரிவாகத் திரண்டது. அதுதான் கப்பலின் பக்கச்சுவர். பாரை மீன்கள் கூட்டமாக எங்களைச் சுற்றி வந்து விலகின. சீலாக்கள் அசையாமல் நின்றன. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்று சிப்பியும் பவளமும் மூடி, குழல் மட்டும் அடையாளம் தெரிய நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் ஆள் உயரக் களவா ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைகிற திறப்புகள் தெரிந்தன, நுழையவில்லை. அதற்கு வேறு பயிற்சி, வேறு காற்றுக் கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. தவிரவும் அது 307 பேர் இறந்த கப்பல். திட்டத்தில் எழுதிய நிமிடம் வந்ததும் கூட வந்தவர் கட்டைவிரலை மேலே காட்டினார். முதுகில் இன்னும் 85 பார் இருந்தது. 75இல் கண்டிப்பாகத் திரும்பியிருக்க வேண்டும். 21 மீட்டரில் கலவை மாற்றி, கடைசியாக 6 மீட்டரில் நெடுநேரம் தொங்கி, மேலே வந்தோம்.

இந்தப் பயணம் போக நினைப்பவர்களுக்கு: கிழக்குக் கரையில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடல் இணக்கமாக இருக்கும். இரட்டைச் சிலிண்டரை முதலிலேயே வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்து உங்கள் மூச்சுக் கணக்கும் தோள் வளைவும் தெரிந்த பிறகு வாங்குங்கள். டெக்னிக்கல் பயிற்சி இன்னும் முடியவில்லையென்றால் அவசரப்பட வேண்டியதில்லை. ஹெர்மிஸ் மூழ்கிய அதே 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாப் பக்கம் சுமார் 24 மீட்டரிலேயே கிடக்கிறது. அதைப் பார்க்க ஒற்றைச் சிலிண்டர் போதும்.